‘ஈரக்குடை’யில் சுட்டது யார், அன்வர்?

என்றைக்கும் என் பக்கத்து நாற்காலிக்காரனான அன்வர் மச்சானுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீயே சிரிப்பாய். கேட்கவேண்டியது ஒன்றுதான், அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடைசி ரீலில், விளக்கு அணைந்த மாடிப்படியில், துப்பாக்கி வெடித்த அந்த வெளிச்சத்தில் நீ பார்த்தது அவள் முகத்தைத்தானா? சத்தியமாக அவள்தானா?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான் இருந்தாய். இப்போது அதுவும் இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் நாம் சேர்ந்து மீட்ட படம் சீக்கிரமே பலர் வீட்டுக்குப் போகப்போகிறது. வாங்குகிறவர்களுக்கு இது தெரியவேண்டும். அதனால் அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள். பொறுமை இல்லாதவன் நான்தான், நீ இல்லை.

இங்கே மறுபடியும் மழை. முடிச்சூரில் தெருவெல்லாம் தண்ணீர். சேலையூரில் நம் மாடி அறைக்குக் கீழே சாக்கடையும் ரோடும் ஒன்றாகிவிட்டன. கொசு மருந்து வண்டி புகை விட்டுக்கொண்டு வரும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். புகைக்காக இல்லை. அந்தச் சத்தம் பிடிப்பதில்லை. போன மழைக்கு நீ இருந்தாய். டெங்கு என்று சொன்னார்கள், தட்டணு இறங்குகிறது என்றார்கள், ஏறுகிறது என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மேற்குத் தாம்பரம் கபர்ஸ்தானில் என் கையிலும் மண் கொடுத்தார்கள். போட்டேன். அது ஈர மண், கையில் ஒட்டிக்கொண்டது. சரி, அதை விடு.

உன் நாற்காலியில் இப்போது யுபிஎஸ் இருக்கிறது. வேறு இடம் இல்லை.

நம் தொழிலைக் கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைத் தேடிப் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து, அழுக்கும் கீறலும் எடுத்து, வீட்டில் டிஸ்க்கிலும் ஆப்பிலும் பார்ப்பதுபோலச் செய்து கொடுப்பது. நல்லவன் என்று ஒருத்தனும் இல்லாத, பாதித் திரை இருட்டாகவே கிடக்கிற படங்கள். வெளிநாட்டில் அதற்கு நுவார் என்று பெயர். நீ வைத்த பெயர் ‘விளங்காதவன் படம்’. “எவனும் உருப்பட மாட்டான் மச்சான், அதான் எனக்குப் புடிச்சுகீது” என்பாய்.

வண்டலூர் தாண்டி ஒரு கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். நான் எலக்ட்ரானிக்ஸ் முடித்து நாவலூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் உட்கார்ந்து யாரோ ஒருவனுடைய பாஸ்வேர்டை ரீசெட் செய்துகொண்டிருந்தேன். நீ இரும்புலியூரில், நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் குடோனுக்கே திரும்பிப் போனாய். ஆஸ்பத்திரிகள் கழித்துப்போடும் எக்ஸ்ரே ஷீட்டையும் பழைய சினிமாப் பிரிண்டையும் எடைக்கு வாங்கி, காரத் தொட்டியில் ஊறவைத்து, மேலே இருக்கிற வெள்ளியைக் கழுவி எடுப்பது அவர் தொழில். வெள்ளி ஒரு பக்கம் போகும். கழுவின பிளாஸ்டிக் வளையல் பட்டறைக்கோ வேறெதற்கோ போகும். ஊரில் பாதிப் படம் அப்படித்தான் போயிருக்கிறது. அவரைத் தப்புச் சொல்லமுடியாது. எவனும் திரும்பிப் பார்க்காத சரக்கைத்தான் அவர் வாங்கினார்.

அந்தச் சரக்கில் ஒரு நாள் துரு ஏறிய டப்பாக்கள் வந்தன. மூடியைத் திறந்ததும், பழைய ஃபிலிம் கெட்டால் வருகிற காடி நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், நீ ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். எனக்கு போன் செய்தாய்.

“மச்சான், எங்க கீற?”

“ஆபீஸ்ல. எங்க இருப்பேன்?”

“வேலைய வுட்டுட்டு வா.”

“எதுக்குடா?”

“மழை, குடை, பொம்பள, பொணம். நாலும் ஒரே டப்பால கீது. வா.”

வேலையை விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

படத்தின் பெயர் ‘ஈரக்குடை’. யாரிடமும் பிரிண்ட் இல்லை, நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது. தயாரிப்பாளரின் பேரனுக்கே தாத்தா இப்படி ஒரு படம் எடுத்தது தெரியாது. உரிமையைச் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு குடைக்கடைக்காரன், அவன் மனைவி, கூடவே இருக்கும் அவன் தம்பி. மூவருமே ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள். கடைசி மழையில், கடைக்கு மேலே உள்ள மாடிப்படியில் மூவரும் நிற்கும்போது விளக்கு அணைகிறது. ஒரு வெடி. விளக்கு வரும்போது குடைக்கடைக்காரன் செத்துக் கிடக்கிறான், துப்பாக்கி படியில் கிடக்கிறது, தம்பி அதற்குப் பக்கத்தில் நிற்கிறான். தம்பியைத் தூக்கில் போடுகிறார்கள். மனைவி கடையைத் திறந்து வியாபாரம் செய்கிறாள். அவ்வளவுதான்.

யார் சுட்டது என்று படத்தில் எந்தப் பாத்திரமும் சொல்லாது. அந்த வெடியின் வெளிச்சத்தில் மட்டும், ஒரே ஒரு ஃபிரேமில், சுட்டவரின் முகம் தெரியும். கண் சிமிட்டினால் போச்சு. அதை எடுத்த டைரக்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கோர்ட்டுக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியாது, டிக்கெட் வாங்கினவனுக்கு மட்டும் தெரியும். அதுவும் முழித்திருந்தால்.

அந்த ஃபிரேமை ஸ்கேனரில் நிறுத்திப் பார்த்தது நீ. நான் அப்போது அறையில் இல்லை. திரும்பி வந்தபோது நீ நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய்.

“அவதாண்டா மச்சான். கண்ண தொறந்துகினே சுடறா.”

“காட்டு.”

“காட்டமாட்டேன். முழுசா ரெடியானப்பறம் வூட்ல டிவியில போட்டுப் பாரு. பாஸ் பட்டன அமுக்கு. தியேட்டர்ல ஓடி ஓடித் தப்பிச்சவ, அறுபது வருஷம் கழிச்சு நம்ம கையாலதான் மாட்டப்போறா.”

எனக்கு அப்போது அவசரம் இல்லை. படம் உன் பொறுப்பு, ஒலி என் பொறுப்பு. ஒலியில் வேலை செய்யும்போது நான் படத்தை அணைத்துவிடுவேன், கண் காதைக் கெடுக்கும். அந்த வெடிச் சத்தத்தை மட்டும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பின்னால் மழை. முன்னால் ஒருத்தர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்கூட இருக்கிறது. ஆண் மூச்சா பெண் மூச்சா என்று இப்போது திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மூச்சுக்கு அதெல்லாம் இல்லை.

போன வாரம் நாவலூரில் நிர்மலா மேடம் வீட்டில் படத்தைப் போட்டோம். உனக்குத் தெரியாத ஆளா, நம்மிடம் படம் வாங்கி டிஸ்க் போட்டு விற்பவர். ஐடி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்த இன்னொரு பைத்தியம். அவர் அடுக்குமாடியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பெரிய டிவி, முறுக்கு, காபி. கறுப்பு அவ்வளவு கறுப்பாக, மழை அவ்வளவு கம்பி கம்பியாக இருந்தது. நீ செய்த வேலை. எனக்கே கர்வமாக இருந்தது.

படம் முடிந்தது. கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர் ஒருவர் மட்டும் தட்டவில்லை.

“ஏம்ப்பா, அந்த வெளிச்சத்தை ஏன் எடுத்துட்டீங்க?”

“எந்த வெளிச்சம் சார்?”

“சுடறப்போ பளிச்னு ஒண்ணு வருமே. ஒரு முகம் தெரியும். நான் சின்னப் பையனா இருக்கறப்போ எங்கண்ணன் கூட்டிட்டுப் போனான். அந்த முகத்தைப் பார்த்துதான் கத்தினேன்.”

“யாரு முகம் சார்? அந்தம்மாவா, தம்பியா?”

அவர் யோசித்தார். நேர்மையான மனுஷன், இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

“அது ஞாபகம் இல்லைப்பா. பயந்தது ஞாபகம் இருக்கு. முகம் இல்லை.”

அங்கேயே ரிமோட்டை வாங்கி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். இருட்டு. இருட்டு. இருட்டு. வெடிச் சத்தம் இருக்கிறது, வெடி இல்லை. குடைக்கடைக்காரன் சும்மாவே விழுகிறான்.

அறைக்கு ஓடிவந்து உன் வேலையைத் திறந்து பார்த்தேன். எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை புரிய. ஸ்கேன் எல்லாம் முன்பே முடிந்திருந்தாலும், சுத்தம் செய்வதில் கடைசி ரீலின் முறை உனக்குக் காய்ச்சல் ஆரம்பித்த பிறகுதான் வந்திருக்கிறது. பூஞ்சை பிடித்த ரீல், வெள்ளைப் புள்ளி கொட்டிக் கிடந்தது. சுத்தம் செய்யும் புரோகிராமை முழு வேகத்தில் முடுக்கிவிட்டிருக்கிறாய். அது என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் உள்ள ஃபிரேமையும் பின்னால் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். நடுவில் மட்டும் ஏதாவது வெள்ளையாக வந்துவிட்டுப் போனால் அதற்கு அது தூசி. எடுத்துவிட்டு, பக்கத்து ஃபிரேமின் இருட்டை வைத்து ஒட்டிவிடும். அதனால்தான் மின்னல், தீக்குச்சி, துப்பாக்கி வரும் இடங்களிலெல்லாம் முதலிலேயே தொடாதே என்று குறி போடவேண்டும். ‘காப்பு கட்டறது’ என்பாய் நீ. முன்னால் உள்ள ரீல்களில் சிகரெட் பற்றவைக்கும் ஒவ்வொரு தீக்குச்சிக்கும் காப்பு கட்டியிருக்கிறாய். கடைசி ரீலில் ஒன்றுகூட இல்லை.

புரோகிராம் அவளைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. தம்பி நிஜமாகவே கொலைகாரன் ஆகிவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ அனுப்பினாயே, “ஓகே மச்சான், ரிலீஸ்” என்று. அதை நீ போட்டாயா, காய்ச்சல் போட்டதா? போனில் பார்த்தாயா, பார்க்காமலே போட்டாயா? ட்ரிப்ஸ் ஏறின கையால் எதற்குடா அந்த ஓகே? நான் கேட்டேனா? காத்திருந்திருப்பேனே. எனக்குப் பொறுமை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நீயும் அதை நம்பிவிட்டாயா?

கோபம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஓகே வந்தால் ஸ்கேன் செய்த மூலத்தை டிஸ்க்கிலிருந்து அழித்து அடுத்த படத்துக்கு இடம் செய்வது நம் வழக்கம். “பிரிண்டே கையில கீது, அப்பறம் இன்னாத்துக்கு மூலம்? ஹார்ட் டிஸ்க் இன்னா மரத்துலயா காய்க்குது?” என்று சட்டம் போட்டவன் நீ. அப்படியே அழித்தாகிவிட்டது, அதன் மேல் அடுத்த படமும் ஏறிவிட்டது. எல்லா வழியிலும் தோண்டிப் பார்த்தேன். ஒலி வேலைக்கு எனக்கு வந்த சின்ன காப்பி, சுத்தம் செய்த பிறகு எடுத்தது. உன் போனை உன் தங்கச்சி முழுக்கத் தேடிப் பார்த்தாள். டீக்கடை பூனைக்கு அவ்வளவு போட்டோ எடுத்திருக்கிறாய், இதற்கு ஒன்று இல்லை.

மிச்சம் இருந்தது பிரிண்ட். இரும்புலியூருக்குப் போனேன்.

அத்தா குடோன் வாசலில் எக்ஸ்ரே ஷீட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். யாருடைய நெஞ்செலும்போ, யாருடைய முழங்காலோ. உன்னைப் போலவே நானும் அவரை அத்தா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன், இப்போது மாற்ற வரவில்லை.

“வா தம்பி. குந்து. டீ சொல்லவா?”

“வேணாம் அத்தா. அன்வரோட ஃபிலிம் டப்பா, மேல் தட்டுல இருந்துச்சே, அது வேணும்.”

“அதுவா?” ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கழுவிட்டேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தொழிலில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தும் புரியவில்லை.

“எப்ப அத்தா?”

“நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்ச மறுநாளு.”

“எதுக்கு அத்தா?”

“இன்னாத்துக்கா? அந்த நாத்தத்த மோந்துகினே கெடந்தான் தம்பி எம்புள்ள. வூட்ல சோறு துண்ணும்போதும் கையில அதே நாத்தம். அதான் அவன் ஒடம்ப எடுத்துடுச்சு.”

“அது டெங்கு அத்தா. கொசுக்கடி.”

“கொசு எல்லாரையுந்தான் கடிக்குது. எல்லாருமா போனாங்க?”

என்னிடம் விஞ்ஞானம் இருந்தது, பதில் இல்லை. அவர் உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சுண்டுவிரல் அளவில், பார்க்க அழகில்லாத, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டி.

“இதான் உங்க படம். விக்க மனசு வரல.”

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் டெக்னிக்கல் ஆள், அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போனது. பிரிண்டில் கறுப்பாகத் தெரிவதுதான் வெள்ளி. வெளிச்சம் என்பது வெள்ளி இல்லாத வெற்றிடம். அப்படியென்றால் வெளிச்சத்தில் தெரிந்த அந்த முகம் இந்தக் கட்டிக்குள்ளும் இல்லை. அதைச் சுற்றியிருந்த இருட்டு மட்டும்தான் இருக்கிறது. மாடிப்படியின் இருட்டு, குடைகளின் இருட்டு, தம்பி தூக்குக்கு நடந்துபோகும் நடையின் இருட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு கட்டி. கையில் குளிராக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நிர்மலா மேடத்திடம் சொன்னேன். அவர் பதறவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“தினேஷ், ஒரே ஒரு ஃபிரேம். அந்தம்மாவோட குளோசப் படத்துல எவ்ளோ இருக்கு! ஏஐ-ல போட்டு, ஃபிளாஷ் அடிச்ச மாதிரி லைட் குடுத்துடு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை.”

“அது செஞ்சது மேடம். எடுத்தது இல்ல.”

“யாருக்குத் தெரியப்போகுது?”

“வீட்ல பார்க்கறாங்க. நிறுத்திப் பார்ப்பாங்க. பெருசு பண்ணிப் பார்ப்பாங்க.”

“அப்ப நல்லாப் பண்ணு.”

நல்லாவே பண்ணினேன் மச்சான். பண்ணிப் பார்க்காமல் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவள் முகம், கண் திறந்தபடி, கீழிருந்து வெளிச்சம், பின்னால் மழைக் கம்பி, பிரிண்டின் மணல் மணலான தன்மை உட்பட. படத்தில் வைத்து ஓட்டினேன். எனக்கே திக்கென்றது. அந்த பேங்க் ஆபீசர் இன்னொரு முறை கத்தியிருப்பார்.

பிறகு ஏதோ ஒரு எரிச்சலில் தம்பியின் முகத்தையும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே பொருந்தியது. அதே திக். இரண்டு பேரையும் கொலைகாரர்களாக்க எனக்கு ஒரே அளவு நேரம்தான் ஆனது. எதை அனுப்பினாலும் அதுதான் இனிமேல் உண்மை. நிறுத்திப் பார்ப்பார்கள், போட்டோ எடுத்துப் போடுவார்கள், கட்டுரை எழுதுவார்கள். எதிர்த்துச் சொல்ல ஒரு பிரிண்டும் கிடையாது.

இருவர் முகத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நீ நிஜமாகவே பார்த்தாயா? நீ லேசான ஆள் இல்லை. தாம்பரம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் உன்னை வெட்னரி டாக்டர் என்று சொல்லி, அவர் நாய்க்கு மருந்து வரைக்கும் பேசியவன். கல்லூரியில் எனக்கு நிச்சயதார்த்தம் என்று கிளப்பிவிட்டு ஹெச்ஓடியிடம் வாழ்த்து வாங்கிக் கொடுத்தவன். ‘அவதாண்டா’ என்று நீ சொன்னது, என்னை உசுப்பேற்றச் சொன்னதா? காட்டமாட்டேன் என்று நீ சிரித்தது, உள்ளே வேறு முகம் இருந்ததாலா? உன் ஒரு வாய் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கொலைகாரி என்று முத்திரை குத்தலாமா? அவள் படத்துப் பெண்தான். இருந்தாலும்.

மறுபடியும் இரும்புலியூர் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. அத்தா சினிமாவே பார்க்கமாட்டார், உனக்குத் தெரியும். எத்தனையோ படத்தைக் கழுவியிருக்கிறார், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவரிடம் கதையை முழுக்கச் சொன்னேன். குடைக்கடை, மாடிப்படி, வெடி, நீ காப்பு கட்டாமல் விட்டது, முகம் போனது, எல்லாம். உன் தப்பையும் மறைக்கவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்துபோவார் என்று நினைத்தேன்.

“அந்தத் தம்பிய தூக்குல போட்டுட்டாங்களா?”

“போட்டுட்டாங்க அத்தா.”

“பண்ணாதவனையா?”

“அன்வர் சொன்னது நெசம்னா, பண்ணாதவனைத்தான். ஆனா அன்வர் எவ்ளோ ரீல் வுடுவான்னு உங்களுக்கே தெரியும்.”

அவர் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

“வுடுவான். டியூசன் போறேன்னு சொல்லிட்டு ஏரிக்கரையில கிரிக்கெட் ஆடுவான். மூணு நாள் நோம்பு வெச்சேன்னு சொல்லிட்டு முக்குக் கடையில சமோசா துன்னுகினு இருப்பான். எல்லாம் அவன் தப்பிச்சுக்கறதுக்கு.” ஒரு ஷீட்டை எடுத்து அடுக்கில் வைத்தார். “அடுத்தவங்க மேல பழி போட்டு ஒரு பொய் சொன்னதில்ல தம்பி. கண்ணாடிய ஒடச்சவன் பக்கத்து வூட்டுப் பையனா இருந்தாலும் வாயத் தொறக்க மாட்டான். அவதான்னு சொன்னான்னா, பாத்துருக்கான்.”

நான் யோசித்துப் பார்த்தேன். நம் பழக்கத்தில் நீ யாரையாவது பொய்யாக மாட்டிவிட்டது உண்டா என்று. ஹெச்ஓடி விஷயத்தில்கூட கடைசியில் போய் நின்று திட்டு வாங்கியவன் நீதான். அத்தா சொன்னது சரி. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் என் யோசனையைச் சொன்னேன். முகத்தை வரையப்போவதில்லை. வெடி இருந்த இடம் இருட்டாகவே இருக்கட்டும். படம் முடிந்த பிறகு திரையில் ஒரு எழுத்து அட்டை போடுவோம். இங்கே ஒரு ஃபிரேம் இருந்தது, அதில் சுட்டவரின் முகம் தெரிந்தது, அதைக் கடைசியாகப் பார்த்தவர் அன்வர், அது மனைவியின் முகம் என்று அவர் சொன்னார், சுத்தம் செய்யும்போது அவர் கையாலேயே அது அழிந்துவிட்டது என்று.

“புள்ள செஞ்ச தப்ப ஊருக்கெல்லாம் எழுதிப் போடப்போறியா?”

“ஆமா அத்தா. அவன் பார்த்தான்னும் எழுதணும்னா, அவன்தான் அழிச்சான்னும் எழுதணும். ஒண்ண மட்டும் எழுத முடியாது.”

நெடுநேரம் ஷீட்டுகளையே அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை எலும்பு, ஒரு முதுகெலும்பு. வேண்டாம் என்று சொல்வார், நானும் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

“அவன் கம்ப்யூட்டர்லதான் அழிச்சான். ஃபிலிம்ல இருந்துச்சு இல்ல?”

“இருந்துச்சு.”

“அப்ப அது தப்பிச்சிருக்கும். நான் கழுவாம இருந்தா.”

“அத்தா, அதை நான் சொல்ல வரல.”

“நீ சொல்லமாட்ட. நான் சொல்றேன். அவன் பேரு கீழ எம்பேரையும் போடு. காசிம், அவன் அத்தா, கழுவினதுன்னு போடு. புள்ளைய மட்டும் தனியா நிக்க வெக்காத.”

அவரிடம் சரி என்றேன்.

நிர்மலா மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. “டிஸ்க் வாங்கினவன் படிக்கற கடைசி வரியே நம்ம தப்பா இருக்கணுமா?” என்றார். ஆமாம் என்றேன். ‘ஈரக்குடை’யை இப்படியே வெளியிடுகிறேன், அடுத்த படங்களை வேறு யூனிட்டுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் நல்லவர்தான். வியாபாரம் அவர் கவலை. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. நாவலூர் கண்ணாடிக் கட்டடங்களில் இன்னும் பாஸ்வேர்டை மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

அட்டை தயார். கறுப்பில் வெள்ளை எழுத்து, அலங்காரம் எதுவும் இல்லை. அத்தாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். உன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். திரை அணைந்துவிட்டது. மறுபடி தொட்டு எரியவைத்தேன். மறுபடி அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வரைந்த இரண்டு முகங்களையும் அழித்துவிட்டேன். இந்த முறை நிஜமாகவே யோசித்து அழித்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். அவள் முகத்தை நான் ஒருபோதும் உண்டாக்கமாட்டேன், யார் கேட்டாலும். யாராவது உண்டாக்கிப் போட்டால் அது பொய் என்று நான் இருக்கும்வரை சொல்வேன். படத்தை நிறுத்திப் பார்க்கிறவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு உன் பெயரைப் படிப்பார்கள், உங்கள் அத்தாவின் பெயரைப் படிப்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நான் நம்புகிறேன். அவள்தான் சுட்டாள்.

கூடப் பிறக்காத உன் மச்சான்,
தினேஷ்
சேலையூர், கிழக்குத் தாம்பரம்